ஐஸ் கரைகிறதா, உருகுகிறதா? குசினியில் தொடங்கும் துணிக்கைப் பாடம்

கடந்த மாரியில், வெளியே இறங்க முடியாத ஒரு மழை நாளில், என் பெறாமகள் விஞ்ஞானக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திண்மம், திரவம், வாயு என்று மூன்று பெட்டிகள் கீறியிருந்தாள். முதற்பெட்டியில் கடுகளவு புள்ளிகள். இரண்டாவதில் மிளகளவு. மூன்றாவதில் கடலையளவு, ஊதிப் பருத்த புள்ளிகள். எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துணிக்கைகளால் ஆனது, அந்தப் புள்ளிகள் அவைதான். சூடாக்கினால் துணிக்கை வீங்கும் என்பது அவளுடைய கணக்கு. பக்கத்தில் சிவப்பு மையால் சரி அடையாளமும் விழுந்திருந்தது.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். உருகல், உறைதல், ஆவியாதல், ஒடுங்கல், பதங்கமாதல் என்று ஐந்துக்கும் வரைவிலக்கணம் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்புவிப்பாள். ஆனால் அந்தச் சொற்களுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை. எங்கள் தலைமுறைக்கும் இதே கதைதான். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தல் விளக்கின் முன்னால் இருந்துகொண்டு, "பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பநிலை மாறாது" என்று பாடமாக்கினோம். கையில் ஒரு துண்டு ஐஸைக்கூடப் பிடித்துப் பாராமல் அதற்குப் புள்ளியும் வாங்கினோம்.

ஆகவே இந்தக் கட்டுரை, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெற்றோருக்கும், பாடசாலையில் விட்டதை இப்போது பிடிக்க நினைப்பவர்களுக்கும். இரண்டு சனிக்கிழமைக் காலைகள் போதும். பிடிபட வேண்டியது ஒன்றே ஒன்று. துணிக்கை தனியாக உருகாது, கொதிக்காது, வீங்காது. அது அப்படியே இருக்கிறது. துணிக்கைகளுக்கு இடையிலான தூரமும், அவற்றின் ஓட்டமும், ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியும்தான் மாறுகின்றன. இந்த வாக்கியத்தைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டாம். செய்து பார்த்தபின் அவர்களே சொல்லட்டும்.

மேசைக்கு வரவேண்டியவை

பாமசியில் ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் கிளாஸ், கொஞ்சம் கேசரிப் பவுடர், ஒரு தட்டு ஐஸ், தேங்காய் எண்ணெய், உப்பு, ஒரு சமையல் தராசு ஆகியவை வீட்டிலேயே இருக்கும். வெப்பமானிதான் கொஞ்சம் தேட வேண்டிய பொருள். ஆய்வுகூடத்துக்கான, 110 பாகை செல்சியஸ் வரை காட்டும் சிவப்புத் திரவ வெப்பமானி நல்லது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் விட்டுவிடாதீர்கள். அது உடல் வெப்பத்தைச் சுற்றியுள்ள சில பாகைகளுக்கு மட்டும் செய்யப்பட்டது, வெடித்துவிடும். அடுப்போடு சம்பந்தப்பட்ட எதையும் பிள்ளை தனியாகச் செய்யக்கூடாது.

சிரிஞ்சிலிருந்து தொடங்குங்கள்

சிரிஞ்சில் 10 மில்லிலீற்றர் காற்றை இழுத்து, நுனியை விரலால் இறுக அடைத்து, தண்டை அமுக்குங்கள். பாதிவரை போகும். விட்டால் திரும்பி வரும். இப்போது காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி அதையே செய்யுங்கள். அசையவே அசையாது. விரல் நோகும், அவ்வளவுதான்.

காற்றில் துணிக்கைகளுக்கு இடையே நிறைய வெற்றிடம் இருக்கிறது, ஆகவே நெருக்கித் தள்ள முடிகிறது. தண்ணீரில் துணிக்கைகள் ஏற்கெனவே முட்டிக்கொண்டிருக்கின்றன. நெருக்க இடமில்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பல பயிற்சிப் புத்தகங்களில் திரவத்தின் படத்தைப் பாருங்கள். திண்மத்தில் நெருக்கம், வாயுவில் தூரம், திரவத்தில் நடுவாந்தரம் என்று புள்ளிகளைத் தள்ளித்தள்ளிப் போட்டிருப்பார்கள். அந்தப் படம் பிழை. திரவத்திலும் புள்ளிகள் ஏறத்தாழ ஒன்றையொன்று தொட்டபடிதான் இருக்க வேண்டும். திண்மத்தில் ஒழுங்கான வரிசை இருக்கிறது, திரவத்தில் அந்த வரிசை குலைந்து, துணிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறுகின்றன. பெரிய இடைவெளி வாயுவில்தான் வருகிறது. ஒரு கிராம் தண்ணீர் 100 பாகையில் நீராவியாகும்போது அதன் கனவளவு சுமார் 1700 மடங்காகிறது. நீளம், அகலம், உயரம் மூன்று பக்கமும் விரிவதால், இரண்டு துணிக்கைகளுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய 12 மடங்காகிறது என்று கொள்ளலாம்.

"இடையில் என்ன இருக்கிறது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். "காற்று" என்ற பதில் வரும். காற்றே துணிக்கைகளால் ஆனதுதானே, அந்தத் துணிக்கைகளுக்கு இடையில் என்ன? ஒன்றுமில்லை. வெறும் வெளி. இதை ஏற்றுக்கொள்ளப் பெரியவர்களுக்கே கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

உவமை வேண்டுமென்றால் நம் ஊரிலேயே இருக்கிறது. அன்னதானப் பந்தியில் வரிசையாக இருப்பவர்கள் திண்மம். நல்லூர்த் தேர் நாளில் வீதியில் தோளோடு தோள் இடித்து நகர்பவர்கள் திரவம். இடைவேளை மணி அடித்ததும் மைதானத்தில் சிதறும் பிள்ளைகள் வாயு. இந்த உவமையில் ஒரு குறை உண்டு. பந்தியில் இருப்பவர் ஆடாமல் சாப்பிடுவார். திண்மத்தின் துணிக்கையோ இருந்த இடத்தில் இருந்தபடி ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் களைத்துப் போவார்கள், துணிக்கைகளுக்குக் களைப்பே கிடையாது.

கலக்காத சாயம்

ஒரு கிளாஸில் பிரிட்ஜ் தண்ணீர், மற்றதில் சுடுதண்ணீர். இரண்டையும் மேசையில் ஐந்து நிமிடம் ஆட்டாமல் வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைத் தூவுங்கள். கரண்டி வைக்கக் கூடாது. சுடுதண்ணீரில் நிறம் விரைவில் பரவும். குளிர்ந்ததில் அடியில் படிந்து, நூல் நூலாகப் பிரிந்து, மெதுவாகவே ஏறும். சுடுதண்ணீருக்குள் நீரோட்டமும் இருக்கும், ஆகவே வேகம் முழுவதையும் துணிக்கைகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் குளிர்ந்த கிளாஸை அடுத்த நாள் காலை பாருங்கள். யாரும் கலக்காமலே பெரும்பாலும் ஒரே நிறமாக இருக்கும்.

1827இல் ரொபேட் பிரவுன் என்ற தாவரவியலாளர், நீரில் கிடந்த மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்ணிய மணிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அவை நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. உயிரில்லாத தூள்களும் அப்படியே துடித்தன. கண்ணுக்குத் தெரியாத நீர்த் துணிக்கைகளான மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதுதான் காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜீன் பெரின் அதைப் பரிசோதனையால் உறுதிப்படுத்தி 1926இல் நோபல் பரிசு பெற்றார். துணிக்கை உண்டா இல்லையா என்ற நெடுங்கால வழக்கு அந்தத் துடிப்பால்தான் தீர்ந்தது. கிளாஸுக்குள் பரவும் கேசரி நிறமும் அதே வழக்கின் சாட்சி.

பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் நமக்கு எப்படித் தெரிகிறது என்று பிள்ளை கேட்டால் பதில் சுவையானது. சாதாரண வெப்பநிலையில் காற்றின் மூலக்கூறுகள் வினாடிக்குச் சுமார் 500 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றன. அப்படியானால் மணம் உடனே வந்திருக்க வேண்டுமே? வராது. ஒவ்வொன்றும் அடியெடுத்து வைக்குமுன் இன்னொன்றுடன் மோதித் திசை மாறுகிறது. தேர் வீதியில் வேகமாக நடக்கத் தெரிந்தவரும் வேகமாகப் போக முடியாது. மணம் நம் மூக்குவரை வருவதில் பெரும்பாலான வேலையைச் செய்வது காற்று வீச்சுத்தான்.

ஐஸும் வெப்பமானியும்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பாடத்தின் இதயம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி உடைத்து, ஒரு கிண்ணம் நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். வெப்பமானியின் குமிழ் அடியில் முட்டாமல் நடுவில் இருக்க வேண்டும். அகப்பைக் காம்பால் மெதுவாகக் கிளறிக்கொண்டே ஒவ்வொரு நிமிடமும் வெப்பநிலையைக் குறியுங்கள். 0 பாகைக்கு வரும். பிறகு அங்கேயே நிற்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி நேரம். வெளியே யாழ்ப்பாணத்து வெயில், குசினியோ அடுப்புச் சூடு. கிண்ணத்துக்குள் வெப்பம் போய்க்கொண்டே இருக்கிறது. ஐஸ் குறைந்துகொண்டே வருகிறது. வெப்பமானி மட்டும் அசைய மறுக்கிறது. மலிவான வெப்பமானி ஒன்றிரண்டு பாகை கூட்டிக் காட்டலாம், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே எண்ணில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. கடைசித் துண்டு மறைந்ததும் மெல்ல ஏறத் தொடங்கும்.

பிள்ளை சலிப்படையும். சலிப்படையட்டும். "வெப்பம் எங்கே போனது?" என்ற கேள்வி அந்தச் சலிப்பில்தான் பிறக்கிறது.

வெப்பநிலை என்பது துணிக்கைகளின் ஓட்டத்தின் அளவு. உள்ளே போன வெப்பம் ஓட்டத்தைக் கூட்டியிருந்தால் வெப்பமானி ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் அது வேறு வேலைக்குச் செலவாகிறது. வரிசையில் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியைத் தளர்த்துகிறது. மறைந்து வேலை செய்வதால் இதற்கு மறைவெப்பம் என்று பெயர். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் 1760களில் இதைக் கண்டு சொன்னார். ஒரு கிராம் ஐஸை உருக்கச் சுமார் 334 யூல் தேவை (யூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு). ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 யூல். வகுத்துப் பாருங்கள். 0 பாகையிலுள்ள ஐஸை 0 பாகைத் தண்ணீராக்கச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு, அதே தண்ணீரை 80 பாகை வரை சூடாக்கிவிடலாம். சோடாவைக் குளிர்விக்க வெறும் குளிர்ந்த தண்ணீரைவிட ஐஸ் ஏன் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது என்பது இதில் இருக்கிறது.

இனித் தலைப்புக்கு வருவோம். வீட்டில் நாம் எல்லோரும் "ஐஸ் கரைந்துவிட்டது" என்றுதான் சொல்கிறோம். பேச்சில் அதில் குற்றமில்லை. ஆனால் பரீட்சைத் தாளில் கரைதல் வேறு, உருகுதல் வேறு. உருகுவதற்கு ஒரு பொருளும் வெப்பமும் போதும். கரைவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். தேநீரில் சீனி கரைகிறது, அதன் துணிக்கைகள் நீர்த் துணிக்கைகளுக்கு இடையே கலந்து போகின்றன. உப்பும் தண்ணீரில் ஒரு நிமிடத்தில் கரையும். உப்பை உருக்கவோ 801 பாகை வேண்டும், எந்தக் குசினி அடுப்பிலும் பானைக்குள் அந்தச் சூட்டைக் கொண்டுவர முடியாது.

கேத்திலின் மூக்கு

கேத்திலில் தண்ணீர் வைத்துக் கொதிக்க விடுங்கள். மூடி திறந்த பாத்திரமானால் உள்ளே பார்க்கலாம். முதலில் அடியிலும் ஓரத்திலும் ஒட்டி வரும் சிறு குமிழிகள், தண்ணீரில் கரைந்திருந்த காற்று. பிறகு பெரிய குமிழிகள் புரண்டு வரும். அவற்றுக்குள் இருப்பதும் காற்றுத்தான் என்று நினைப்பவர்கள் பலர். அது நீராவி. தண்ணீரே வாயுவாகி, தண்ணீருக்குள்ளேயே குமிழியாக நிற்கிறது.

அடுத்து, கேத்திலின் மூக்கைத் தூர நின்று உற்றுப் பாருங்கள். வெள்ளையாகப் புகைபோல வருகிறதே, அதை நாம் ஆவி என்கிறோம். "ஆவி பறக்கப் பறக்க" என்று சோற்றைப் புகழ்கிறோம். ஆனால் மூக்கின் நுனிக்கும் அந்த வெள்ளை தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரியும். அங்கே ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி திரவமாகிவிட்ட நுண்துளிகள். "புகையாக வருவது திரவம்" என்று சொன்னபோது பெறாமகள் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒரு குளிர்ந்த கரண்டியை நீண்ட பிடியுடன் அந்த வெள்ளையில் காட்டினேன். சொட்டியது. நம்பினாள்.

அந்த இடைவெளியில் கையை வைத்துச் சோதிக்கத் தோன்றும். வேண்டாம். கொதிநீர் பட்டதைவிட நீராவி பட்டது பொல்லாதது. ஒரு கிராம் கொதிநீர் நம் உடல் வெப்பநிலைக்கு இறங்கும்போது சுமார் 265 யூலைத் தோலில் இறக்கும். ஒரு கிராம் நீராவியோ முதலில் தண்ணீராக மாறும்போதே சுமார் 2260 யூலைக் கொட்டிவிட்டு, அதன்பின் அந்த 265ஐயும் தரும். ஏறத்தாழ பத்து மடங்கு.

கொதிக்கத் தொடங்கியதும் வெப்பமானி 100 பாகையை ஒட்டி நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் ஏறாது. தண்ணீர் விரைவாக வற்றும், அவ்வளவே. 30 பாகையிலுள்ள ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 294,000 யூல் போதும். அதை முழுதாக வற்றவைக்க மேலும் 2,260,000 யூல். பத்து நிமிடத்தில் கொதித்த பானை, அதே தீயில் வற்றி முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். அவிக்கும்போது தீயைக் குறைத்து வைக்கச் சொன்ன அம்மம்மாமாருக்கு யூல் தெரியாது, ஆனால் கணக்கு சரியாகவே தெரிந்திருந்தது.

100 பாகை என்பதும் எங்கும் பொதுவான எண்ணல்ல. யாழ்ப்பாணம் கடல் மட்டத்தை ஒட்டிய சமதரை, ஆகவே இங்கே பொருந்துகிறது. சுமார் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியின் அமுக்கம் குறைவு. அங்கே தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கரில் இது தலைகீழ். அமுக்கம் கூடி 120 பாகைவரை போகும். வீட்டை விட்டு நகராமலே இதைப் பார்க்க வழியுண்டு. கொதித்து இறக்கிச் சில நிமிடம் ஆறிய தண்ணீரில் 2 மில்லிலீற்றரைச் சிரிஞ்சில் இழுத்து, நுனியைத் தடித்த துணியோடு அடைத்து, தண்டைப் பின்னால் இழுங்கள். அமுக்கம் குறைந்ததும், கொதியடங்கிய அந்தத் தண்ணீர் மறுபடி குமிழி விட்டுக் கொதிக்கும். பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். செய்து காட்டினால் பிள்ளை இன்னும் நாலு தரம் கேட்கும்.

பக்கத்தில் ஒரு சிறு விளக்கம். நம் கேத்தில்களின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுமே, அது நிலை மாற்றம் அல்ல. குடாநாடு சுண்ணாம்புக்கல் தரை. கிணற்று நீரில் கரைந்து வந்த பொருள் சூட்டில் இரசாயன மாற்றமடைந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. ஆறவிட்டாலும் திரும்பிக் கரையாது. நீராவியைக் குளிரவிட்டால் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. இரண்டையும் வேறுபடுத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நீத்துப்பெட்டியில் நடப்பது

இந்த ஊரில் ஒடுங்கலைக் கற்பிக்கச் சோடாக் கிளாஸைத் தேடிப் போவது ஏனோ தெரியவில்லை. புட்டுப் பானை தினமும் அடுப்பில் இருக்கிறது. பானைத் தண்ணீர் கொதித்து நீராவி நீத்துப்பெட்டியின் ஓலை இடுக்குகளால் ஏறுகிறது. மேலே குளிர்ந்த மா உருண்டைகள். அவற்றில் பட்டதும் நீராவி ஒடுங்கித் தண்ணீராகிறது. ஒடுங்கும்போது அந்த 2260 யூலை மாவுக்குள் இறக்குகிறது. மா ஈரமும் பெறுகிறது, வெப்பமும் பெறுகிறது. கீழ் அடுக்கு சூடேறி 100 பாகையை எட்டியதும் அங்கே ஒடுங்க வேலையில்லை. நீராவி அடுத்த அடுக்குக்குப் போகிறது. இப்படி ஏறி ஏறி, மேல் அடுக்கும் சூடான பிறகு மிஞ்சியது வெளியே வருகிறது. "மேலால் ஆவி வந்தால் இறக்கு" என்று சொல்கிறார்களே, அதன் பொருள் இதுதான். உள்ளே ஒடுங்குவதற்குக் குளிர்ந்த இடம் மீதியில்லை.

சோடாக் கிளாஸையும் விட வேண்டாம். வெளிப்புறம் நீர் பூத்ததும் "பெரியம்மா, கிளாஸ் ஒழுகுகிறது" என்றாள் பெறாமகள். மறுத்துப் பேசாமல் இரண்டு சோதனை செய்தோம். கிளாஸுக்குள் கேசரி நிறத் தண்ணீரும் ஐஸும் போட்டோம், வெளியே பூத்த துளி நிறமற்று இருந்தது. தராசில் வைத்தோம், நேரம் போகப் போக எடை கூடியது. ஒழுகியிருந்தால் எடை அப்படியே நிற்கும், அல்லது சொட்டிக் குறையும். கூடியது என்றால் வெளியிலிருந்து ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. அது காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி.

கொதிக்காமலே போகும் நீர்

கொடியில் போட்ட சாரம் 100 பாகை வரும்வரை காத்திருப்பதில்லை. ஒரு திரவத்தில் எல்லாத் துணிக்கைகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பில் இருக்கும் வேகமானவை சில, மற்றவற்றின் பிடியை அறுத்துக்கொண்டு வெளியேறுகின்றன. எஞ்சியவை மெதுவானவை, ஆகவே எஞ்சிய நீர் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், கிணற்றடியில் குளித்துவிட்டு வரும்போது காற்றுப் பட்டால் நடுங்குவதும் இதனாலேயே. கொதித்தல் திரவம் முழுவதிலும், குறித்த ஒரு வெப்பநிலையில் நடக்கிறது. ஆவியாதல் மேற்பரப்பில், எந்த வெப்பநிலையிலும்.

ஒரு மேசைக்கரண்டி தண்ணீரை அகன்ற தட்டிலும், இன்னொரு கரண்டியை ஒடுங்கிய கிளாஸிலும் விட்டு, எது முதலில் காய்கிறது என்று பாருங்கள். பனங்கிழங்கை முழுதாகப் போடாமல் ஏன் கிழித்துக் காயவிட்டு ஒடியலாக்குகிறார்கள் என்பது உடனே விளங்கும், மேற்பரப்பு கூடுகிறது. சோளகம் வீசும் மாதங்களில் உடுப்பு அரை மணித்தியாலத்தில் காய்வதும், மாரியில் மூன்று நாள் கிடந்து மணப்பதும் அதே பாடம். காற்று வெளியேறிய நீர்த்துணிக்கைகளை அள்ளிக்கொண்டு போகிறது. மாரிக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால், வெளியேறுபவை அளவுக்குத் திரும்பி வருபவையும் இருக்கின்றன.

தட்டில் விட்டது உப்புத் தண்ணீர் என்றால் காய்ந்தபின் வெள்ளைப் பளிங்குகள் மிஞ்சும். உருப்பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள், சிறு சிறு சதுரப் பெட்டிகள். துணிக்கைகள் ஒழுங்கான வரிசையில் அடுக்கப்படுவதால்தான் இந்த வடிவம் வருகிறது. ஆனையிறவு உப்பளத்தில் நடப்பதும் இதுவே. ஒரு லீற்றர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் அளவில் உப்புகள் உண்டு. நீர் போகிறது, உப்பு போவதில்லை.

கற்பூரம் பற்றி ஒரு எச்சரிக்கை

பதங்கமாதலுக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் கற்பூரம் என்பார்கள். சரிதான், ஆனால் எந்தக் கற்பூரம்? திறந்து வைத்த பெட்டியில் நாளாக நாளாகச் சிறுத்துப்போகும் கற்பூரம் பதங்கமாகிறது. திண்மத்திலிருந்து துணிக்கைகள் நேரே வாயுவாகப் போகின்றன. தீபாராதனைத் தட்டில் எரியும் கற்பூரம் எரிகிறது. அது இரசாயன மாற்றம், எரிந்த கற்பூரத்தைத் திரும்பப் பெற முடியாது. அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டை பதங்கமாதலுக்குக் குழப்பமில்லாத உதாரணம். பிளாஸ்மா என்ற நான்காம் நிலையும் உண்டு. மின்னலில் இருக்கிறது, குசினியில் தேட வேண்டாம்.

இரண்டு கிண்ணம், ஒரு இரவு

கடைசிச் சோதனைக்குத் தேங்காய் எண்ணெய். அது 24, 25 பாகையை ஒட்டி உறையும் பொருள். ஆண்டின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தில் திரவம். மார்கழி, தையில் குளிர்ந்த சில விடியல்களில் போத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். "தேங்காய் எண்ணெய் திண்மமா, திரவமா?" என்று யாராவது கேட்டால், "எந்த மாதம், எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்கலாம். பல கொழுப்புகளின் கலவை என்பதால் ஐஸைப்போல ஒரே எண்ணில் உறையாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கி உறையும்.

ஒரே அளவான இரண்டு சிறு பிளாஸ்ரிக் கிண்ணங்களில் ஒன்றில் தண்ணீர், மற்றதில் தேங்காய் எண்ணெய், இரண்டும் ஒரே மட்டத்துக்கு. கண்ணாடி வேண்டாம், உடையும். விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். மூடிபோட்டு, ஒவ்வொன்றின் எடையையும் கொப்பியில் எழுதிவிட்டு, பிரிட்ஜின் உறைபகுதியில் இரவு முழுக்க வையுங்கள்.

காலையில் எண்ணெயின் நடுப்பகுதி குழிந்திருக்கும். பெரும்பாலான பொருள்கள் அப்படித்தான், உறையும்போது துணிக்கைகள் இன்னும் நெருங்கி அடுக்கப்படுகின்றன. தண்ணீர்க் கிண்ணத்தில் நடுப்பகுதி மேடாகியிருக்கும். நீர் மூலக்கூறுகள் உறையும்போது ஒன்றையொன்று குறித்த கோணங்களில் பிடித்து, நடுவே வெளிவிட்ட ஒரு கட்டமைப்பாக நிற்கின்றன. கனவளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. ஐஸ் மிதப்பதற்கும், நிரப்பி வைத்த போத்தல் உறைந்து வெடிப்பதற்கும் இதுவே காரணம். உறைந்த எண்ணெய்த் துண்டை எண்ணெயில் போட்டால் தாழும், ஐஸைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதையும் போட்டுப் பாருங்கள், ஆனால் எடை பார்த்த பிறகு.

இப்போது பிள்ளையிடம் பழைய மூன்று பெட்டிகளைத் திரும்பக் கீறச் சொல்லுங்கள். நிபந்தனை மூன்று. எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. திரவத்தின் புள்ளிகள் ஒன்றையொன்று தொட வேண்டும். ஒரே பொருள் நிலை மாறினால் புள்ளிகளின் எண்ணிக்கை மாறக் கூடாது. பெறாமகள் மூன்றாவது நிபந்தனையில் தடக்கினாள். "ஐஸ் பெரிதாகிவிட்டதே, அப்படியானால் புள்ளி கூடவேண்டாமா?"

கிண்ணத்தின் வெளியே பூத்திருந்த நீரைத் துடைத்துவிட்டு, மூடியோடு தராசில் வைத்தோம். முந்தின இரவு அவள் எழுதி வைத்த அதே எண்.